கனம் இருக்கா அக்கா?

எங்கள் பாத்திரக்கடைக்குள் வருகிறவர்களின் கையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வாங்க வந்தவரா, பஸ்சுக்கு நேரம் கிடக்கிறது என்று உள்ளே நுழைந்தவரா என்பதைக் கையே சொல்லிவிடும். வாங்க வந்தவரின் கை சும்மா இருக்காது. தவலையின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டும். சருவச்சட்டியின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து லேசாகத் தூக்கி அசைத்துப் பார்க்கும். குடத்தைக் கவிழ்த்து அடிப்பாகத்தை அழுத்தும். கடைசியாக விரல்முட்டியால் ஒரு தட்டு.

கடை திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய தெருவில். அப்பா நடத்தியது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாண மாதங்களில் சீர்ப் பாத்திரம் எடுக்க அம்பாசமுத்திரம், களக்காடு, ஆலங்குளம் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். கல்யாணப் பெண் செல்போனில் பார்த்துவைத்த மாடலைக் காட்டுவாள். அவளுடைய அம்மா விலை கேட்பார். கூட வந்த ஆச்சி ஒன்றும் பேசாமல் ஒரு சட்டியின் வயிற்றில் இரண்டு பெருவிரலையும் வைத்து அழுத்திவிட்டு, “ஏ தாயி, இது கனம் காணாதுலா. அமுக்குனா உள்ள போவுது” என்பார். அதோடு அந்த மாடல் போயிற்று. ஆச்சி சொன்னது சரியாகவும் இருக்கும். தகட்டின் கனத்தைக் கேஜ் கணக்கில் சொல்வோம், எண் கூடக் கூடத் தகடு மெலியும். இருபது கேஜுக்கும் இருபத்திரண்டு கேஜுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இல்லை. பெட்டியில் அச்சடித்ததை வாசித்துத்தான் எனக்குத் தெரிகிறது. ஆச்சிக்கு விரல் போதும்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. என் தம்பி மகன் பெங்களூரில் மெய்நிகர்ப் பயிற்சிச் செயலிகள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஆலைத் தொழிலாளர்கள் தலையில் கருவியை மாட்டிக்கொண்டு, இல்லாத இயந்திரத்தில் பழகுவதற்கான செயலிகள். அவன்தான் இந்த ஆராய்ச்சிகளை எனக்கு அறிமுகப்படுத்தினான். படிக்கப் படிக்க, என் கடையை யாரோ மேசையில் பரப்பி விளக்குவதுபோல் இருந்தது.

1987-ல் சூசன் லெடர்மன், ராபர்ட்டா கிளாட்ஸ்கி என்ற இரண்டு பெண்கள் கை அசைவுகளை வகை பிரித்தார்கள். ஒரு பொருளைப் பற்றி எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதற்கேற்ற அசைவைக் கை தானாகத் தேர்ந்தெடுக்கிறது என்பது அவர்கள் கண்டது. சொரசொரப்பு தெரிய வேண்டுமானால் விரல் பக்கவாட்டில் தேய்க்கும். கெட்டியா மிருதுவா என்று தெரிய அழுத்தும். சூடு, குளிர்ச்சி பார்க்க அசையாமல் மேலே கிடக்கும். எடைக்கு, எதிலும் சாயாமல் ஏந்திப் பிடிக்கும். மொத்த வடிவத்துக்குக் கைக்குள் பொதியும், நுணுக்கமான வடிவத்துக்கு விளிம்போடு ஓடும். தட்டிப் பார்ப்பதைத் தவிர, நான் வாசலில் பார்க்கும் அத்தனையும் இதில் இருக்கிறது. யாரும் ஆச்சிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவரும் தான் செய்வதைக் கவனிப்பதில்லை. இதே ஆட்கள் இரண்டு வருஷத்துக்கு முன், 1985-ல், கண்ணைக் கட்டிவிட்டு வீட்டுச் சாமான்கள் நூறைக் கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 96 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், அதுவும் பெரும்பாலும் சில நொடிகளுக்குள்.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி நூறாண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. பார்வையில்லாத வாடிக்கையாளர்கள் எங்களுக்கு உண்டு. தூக்குச்சட்டி எடுக்க வந்த ஒரு அம்மா மூடியை வைத்து ஒரே ஒரு சுற்று சுற்றினார்கள். “ஒரு பக்கம் இடிக்கி, வேற எடு” என்றார்கள். நான் மூடியைத் தூக்கிப் பார்த்தேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலை ஓட்டியபோதுதான் ஓரத்தில் மிகச் சிறிய நெளிவு தட்டுப்பட்டது. விரல் நுனிக்கு அப்படி ஒரு நுட்பம். சுவீடனில் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றில், வழுவழுப்பான பரப்பிலிருந்து 13 நானோமீட்டர் உயரமே உள்ள சுருக்கங்களை விரலால் பிரித்தறிந்தார்கள். தலைமுடியின் பருமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அது.

லெடர்மன், கிளாட்ஸ்கி பட்டியலில் தட்டிப் பார்ப்பது இல்லை, அது காதுக்குச் சேர்ந்த வேலை. ஆனால் எங்கள் ஊரில் அதை விட முடியாது. நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தில் ஒரே கல்லில் குடைந்த சிறு தூண்கள் தட்டினால் சுரம் கொடுக்கும் ஊர் இது. வெண்கல உருளியை விளிம்பில் விரல் நுனியால் தூக்கிப் பிடித்துத் தட்டினால் ஓசை நின்று நிதானமாக அடங்கும். கீறல் விட்டிருந்தால் ‘டப்’ என்று அப்போதே செத்துவிடும். கீறல் கண்ணுக்குத் தெரியாது, பாலிஷ் மூடியிருக்கும். அதனால் வெண்கலத்தைத் தட்டாமல் வாங்காதீர்கள் என்று வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன். தட்டினால் கோபிக்கிற கடையில் வாங்கவே வேண்டாம்.

இப்போது எடைக்கு வருகிறேன். எங்களிடம் பித்தளையும் எவர்சில்வரும் பெரும்பாலும் எடைக்கணக்குதான். கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்த ஒரு பெரியம்மை, வார்ப்புப் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றும் எவர்சில்வர் குடம் ஒன்றும் எடுத்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே எடை. பில்லைப் பார்த்துவிட்டு, “குடம் எப்படி இவ்வளவு நிக்கும்? விளக்குதான கனம்?” என்றார். இரண்டையும் தராசில் வைத்துக் காட்டினேன். முள்ளைப் பார்த்தார். மறுபடி இரண்டையும் இரண்டு கையில் எடுத்தார். “தராசு சரிதான் தாயி. ஆனா விளக்குதான் கனம்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஒரே எடையில் சிறியது கனமாகவும் பெரியது லேசாகவும் தோன்றும். 1891-ல் அகஸ்டின் ஷார்பாந்தியே என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்.

இத்தனைக்கும் கை மந்தமானது அல்ல. எடையைத் தூக்கிப் பார்க்கும்போது நாற்பதில் ஒரு பங்கு வேறுபாட்டை மனிதர்கள் உணர்கிறார்கள் என்று எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் 1834-லேயே எழுதினார். ஒரு கிலோவில் 25 கிராம். அவ்வளவு நுட்பமான கை விளக்கிடமும் குடத்திடமும் ஏமாறுவானேன்? கண் முன்கூட்டியே “பெரிசு, கனமாக இருக்கும்” என்று சொல்லிவிடுகிறது, தூக்கினால் அவ்வளவு இல்லை, அதனால் லேசாகத் தெரிகிறது என்பார்கள். அது மட்டும் போதாது என்று 2000-ல் ராண்டல் ஃபிளனகனும் மைக்கேல் பெல்ட்ஸ்னரும் காட்டினார்கள். ஒரே எடையுள்ள சிறிய கட்டையையும் பெரிய கட்டையையும் மாற்றி மாற்றித் தூக்கச் சொன்னார்கள். முதலில் பெரியதற்கு அதிக விசை கொடுத்த விரல்கள், சில தடவைகளுக்குள் இரண்டுக்கும் ஒரே விசை கொடுக்கக் கற்றுக்கொண்டன. ஆனால் தூக்கியவரைக் கேட்டால் கடைசிவரை “சிறிசுதான் கனம்” என்றே சொன்னார். விரலுக்கு உண்மை தெரிந்துவிட்டது, மனசு ஒத்துக்கொள்ளவில்லை. இதை வாசித்த அன்றைக்கு அந்தப் பெரியம்மையின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இதைவிட ஆழமான ஒரு சோதனையும் உண்டு. மூளை பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, எதிரே இருக்கும் துவாரம் படுத்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் கையில் அட்டையைக் கொடுத்து “உள்ளே போடு” என்றால், துவாரத்துக்கு ஏற்றபடி அட்டையைத் திருப்பிச் சரியாகப் போட்டுவிட்டார். மெல்வின் குடேலும் டேவிட் மில்னரும் தங்கள் குழுவோடு 1991-ல் இதை வெளியிட்டார்கள். பார்த்துச் சொல்வதற்கு ஒரு வழி, பார்த்து எடுப்பதற்கு வேறொரு வழி என்று மூளைக்குள் இரண்டு ஓடுகின்றன என்பது அவர்கள் கொண்ட முடிவு. குழாயடியில் பேச்சு மும்முரத்தில் ஒரு பெண் திரும்பியே பார்க்காமல் குடத்தின் கழுத்தில் கைகொடுத்து இடுப்புக்கு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். எடுப்பதற்கு முன்பே விரல்களின் அகலம் கழுத்துக்கு ஏற்றபடி விரிந்துவிடுகிறது. நிறைகுடம் என்று நினைத்து வெறுங்குடத்தைத் தூக்கினால் அது மேலே பறப்பதும் இதனால்தான். விசையை முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் கை கிளம்புகிறது.

கணக்கு தப்பினால் திருத்தவும் தெரியும். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய டம்ளர் வழுக்கத் தொடங்கியதும், நமக்குத் தெரியும் முன்பே விரல் இறுக்கிவிடும். சுவீடனில் ரோலண்ட் யோஹான்சன் இதைத்தான் அளந்தார். வழுக்கல் தொடங்கியதிலிருந்து பிடி இறுகுவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஒரு கையின் உள்பக்கத் தோலில் இப்படித் தொடுகையைச் சொல்லும் நரம்பு இழைகள் சுமார் 17,000 உண்டு என்று அவரும் ஓகே வால்போவும் 1979-ல் கணக்கிட்டார்கள். இதை வாசித்தபின், முக்கூடல் பக்கமிருந்து வரும் பீடி சுற்றுகிற அக்காமார் சில்லறை எண்ணும் விரலைப் பார்க்கும்போது எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

இவ்வளவையும் மனசில் வைத்துக்கொண்டுதான் பெங்களூர் மருமகனின், அதாவது தம்பி மகனின், கருவியை மாட்டிக்கொண்டேன். பொங்கல் லீவுக்கு வந்தபோது ஹெட்செட்டைக் கொண்டுவந்திருந்தான். நம்ம கடை வெண்கல உருளியையே உள்ளே உருவாக்கித் தருகிறேன் அத்தை என்றான். அதற்கு நாலாபுறமும் போட்டோ எடுக்க வேண்டும். பளபளக்கிற பாத்திரத்தைப் படத்திலிருந்து உருவமாக்குவது கஷ்டமாம். கேமரா நகர நகரப் பிரதிபலிப்பும் இடம் மாறும், அதனால் எந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று கணினிக்குப் பிடிபடாது. உருளிக்கு முகப்பவுடர் பூசி மங்கலாக்கிப் படம் எடுத்தோம். வெண்கல நிறத்தையும் மினுக்கத்தையும் அவன் பிறகு சேர்த்தான்.

உள்ளே பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவ்வளவு அழகு. சன்னல் வெளிச்சம் விளிம்பில் வளைந்து கிடந்தது. பழக்கதோஷத்தில் காலை அகட்டி, முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். தோள் வெடுக்கென்று மேலே போயிற்று. நிஜ உருளி பதினோரு கிலோ. இதற்கு எடையே இல்லை. “ரெண்டு கையும் வேண்டாம் அத்தை, இப்படி எடுங்க” என்று மருமகன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினான். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி உருளியை இரண்டு விரலால் எடுத்தேன். மனசுக்கு ஒப்பவில்லை. பொருள் கண்முன் இருந்தது, ஆனால் என் உடம்பில் எந்த இடமும் அதை ஏற்கவில்லை.

வேறு சங்கடங்களும் இருந்தன. அந்தக் கருவிகளில் திரையின் குவிதூரம் ஒன்றேதான். பக்கத்தில் இருப்பதைப் பார்க்க இரண்டு கண்ணும் உள்ளே திரும்பும், ஆனால் விழிலென்ஸ் தூரத்திலேயே குவிந்திருக்க வேண்டும். அந்த இழுபறியில் கொஞ்ச நேரத்தில் நெற்றி வலித்தது. தூரத்தைக் குறைத்து மதிப்பிடுவதும் அங்கே பொதுவாக நடப்பதாம். இவையெல்லாம் கண்ணாடியும் திரையும் மேம்பட்டால் தீரக்கூடியவை. எடை அப்படி அல்ல.

கைப்பிடிக் கருவி அதிர்ந்து காட்டும் என்றான். அதிர்ந்தது. தொட்டுவிட்டாய் என்று மட்டுமே அது சொன்னது, என்ன தொட்டாய் என்று சொல்லவில்லை. மறுநாள் ஒரு மாற்றம் செய்தான். நான் கையை ஒரு சாண் உயர்த்தினால் உருளி முக்கால் சாண்தான் உயரும், அதுவும் தயங்கித் தயங்கி. அடுத்த நொடியில் தோளில் ஒரு பாரம் தெரிந்தது. ஒன்றுமே இல்லாத கையில் பாரம்! கருவியைக் கழற்றிவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பாதையைத் தொடங்கியவர்களில் ஒருவர் அனத்தோல் லெக்குயே. 2000-ல் அவரும் கூட்டாளிகளும் திரையில் ஒரு சுருள்வில்லைக் காட்டி, கை அழுத்துவதற்கும் வில் சுருங்குவதற்கும் உள்ள விகிதத்தை மாற்றினார்கள். அழுத்தியவருக்கு வில் இறுக்கமாகவோ தளர்வாகவோ தோன்றியது. கண் கொடுக்கும் தகவலிலிருந்தே கைக்கு விசை பிறக்கிறது. ஆனால் எல்லை உண்டு. மருமகன் இடைவெளியை இன்னும் கூட்டியதும் பாரம் கலைந்து, உருளி சண்டித்தனம் செய்வதுபோல் மட்டும் தெரிந்தது. நிஜ உருளியைத் தூக்கினால் வருகிற களைப்பும் வரவில்லை.

மூன்றாவதாகச் செய்தது என் யோசனை. உருளி தெரியும் இடத்தில் மேசைமேல் நிஜமாகவே ஒரு பித்தளைக் கும்பாவை வைத்தோம். கண்ணுக்கு உருளி, கைக்குக் கும்பா. கை பட்டதும் உள்ளங்கையில் குளிர்ச்சி ஏறியது. அறையே மாறிவிட்டது. கும்பா சின்னது, ஆனால் உருளியின் அகலம் எனக்குக் கையில் தெரிந்தது. 1964-ல் இர்வின் ராக்கும் ஜாக் விக்டரும், சதுரத்தை நீள்சதுரமாகக் காட்டும் லென்ஸ் வழியே பார்த்தபடி ஒரு சதுரத்தைத் தொடச் சொன்னபோது, தொட்டவர்கள் கண் சொன்னதைத்தான் கையாலும் உணர்ந்தார்கள். ஆனால் கட்டைவிரலை விளிம்பில் ஓட்டியதும் என் விஷயத்தில் எல்லாம் அறுந்துவிட்டது. கும்பாவின் வாய் சுருட்டி மடித்தது, உருளியின் வாய் பட்டையானது. விளிம்பு விஷயத்தில் கண் எத்தனை சொன்னாலும் என் கட்டைவிரல் கேட்காது. எந்தப் புலன் அந்த நேரத்தில் நம்பகமானதோ அதற்கு மூளை கூடுதல் பங்கு கொடுக்கிறது என்று மார்க் எர்ன்ஸ்டும் மார்ட்டின் பாங்க்ஸும் 2002-ல் காட்டியது இதுதான். முப்பது வருஷமாக விளிம்பு தடவிய விரல் எனக்கு, அதன் பங்கு பெரியது.

மருமகனிடம் சொன்னேன்: உங்கள் கம்பெனியில் படத்தின் தெளிவுக்காக உயிரைக் கொடுக்கிறீர்கள், அதில் பாதியை எடைக்குக் கொடுங்கள். பாரம் தூக்கப் பழகும் தொழிலாளிக்கு எடையில்லாத பெட்டியைக் கொடுத்துப் பழக்கினால் அவன் முதுகு எதைக் கற்றுக்கொள்ளும்? முன்கூட்டியே விசையைக் கணக்கிடும் அந்தப் பழக்கம் தப்பாகப் படிந்தால் ஆலையில் அடிபடுவது அவன்தான். நிஜமான பெட்டியை மேசையில் வையுங்கள், படம் மட்டும் கண்ணுக்குப் போகட்டும். 1965-ல் ஐவன் சதர்லேண்ட் இந்தத் துறைக்குக் கனவு கண்டபோதே, அறையில் தோன்றும் நாற்காலியில் உட்கார முடிய வேண்டும் என்றுதான் எழுதினார். அந்த நாற்காலி இன்னும் வரவில்லை. அவன் யோசித்தான். இப்போது அவர்கள் குழுவில் மணல் நிரப்பிய நிஜப் பெட்டிகளை வைத்துச் சோதிக்கிறார்கள் என்று போன வாரம் சொன்னான். கேட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

கடைக்கும் ஒன்று செய்து கொடுத்தான். போன் கேமராவைத் தரையில் காட்டினால் அண்டா அங்கே நிற்பதுபோல் தெரியும். அது நல்ல வசதி, மனதாரச் சொல்கிறேன். அடுப்புமேடைக்கு அடங்குமா, பரணில் ஏறுமா என்பதற்கு அதைவிடத் தெளிவான பதில் இல்லை. மும்பையிலும் துபாயிலும் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் அளவை அதில் பார்த்துவிட்டு, வீடியோ காலில் என்னிடம் மீதியைக் கேட்கிறார்கள். “கனம் இருக்கா அக்கா?” என்பதுதான் முதல் கேள்வி. என் கையை விரித்துப் பாத்திரத்தின் வாயில் வைத்துக் காட்டுவேன். அடியை அழுத்திக் காட்டுவேன், தகடு நெளிவது தெரியும். பில் தராசில் வைத்துக் கிராமைக் காட்டுவேன். தட்டியும் காட்டுவேன், ஆனால் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வீடியோ காலில் பேச்சு தெளிவாகக் கேட்பதற்காக மற்ற சத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு உண்டு. அது வெண்கல நாதத்தை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். நல்ல உருளிகூட அந்தப் பக்கம் கீறல் விட்டது மாதிரிக் கேட்கும்.

அதனால் வெளியூரிலிருந்து வெண்கலம் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எந்தக் கடையானாலும் எடையைக் கிராமில் எழுதி வாங்குங்கள், எவர்சில்வர் என்றால் கேஜையும் கேளுங்கள். தட்டும் ஓசையை வீடியோ காலில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். தனியாகப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். என்னிடம் கேட்டால், உருளியை விளிம்பில் தூக்கிப் பிடித்துத் தட்டி, ஓசை முழுக்க அடங்குகிறவரை பதிவு செய்து அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.